வொட்டாவாவின் அணுவும் பட்டமும்

எங்கள் வியன்னாவில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு காப்பிக் கடையில் பத்திரிகை விரித்து உட்கார்ந்தவன் எவனும் டாக்டர்தான். தொப்பையும் இருந்தால் பேராசிரியர். மீசை நரைத்து, கைத்தடிக்கு வெள்ளிப்பூண் போட்டிருந்தால் பிரபு. பரிமாறுகிறவன் வாயால் கொடுக்கும் இந்தப் பட்டங்களுக்குப் பரீட்சை கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆளை அவன் இருக்கிற படிக்கு ஒரு படி மேலே வைத்துக் கூப்பிடுவதுதான் எங்கள் ஊர் மரியாதை. உள்ளதை உள்ளபடி கூப்பிட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். புருஷனுக்கு விழுந்த பட்டம் பெண்டாட்டிக்கும் உண்டு. டாக்டரின் மனைவி டாக்டரம்மா, ஆலோசகரின் மனைவி ஆலோசகரம்மா. யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு இது.

இந்த விளையாட்டில் ஒரே ஒரு மனிதர் கால் இடறி விழுந்ததை நான் பார்த்தேன். அவர் பெயர் இக்னாஸ் வொட்டாவா. பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர்.

அப்பா போஹீமியாவிலிருந்து பிழைக்க வந்த தையற்காரர். வியன்னாவின் ஒட்டாக்ரிங் பேட்டையில் ஒற்றை அறை, அதில் பாதியைத் தையல் மேஜை அடைத்துக்கொண்டிருக்கும். பையன் உதவித்தொகையில் படித்தான், பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்குப் போனான். வாயுக்களைப் பற்றி ஒரு ஆய்வேடு எழுதினான். காற்றின் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும்போது எவ்வளவு தடுக்கின்றன என்று அளந்து, அதிலிருந்து காற்றின் ஒரு துகள் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டிருந்தான். இயற்பியல்காரர்கள் பாராட்டி ஏற்றுக்கொண்டார்கள். இயற்பியல் வாய்மொழித் தேர்வும் முடிந்தது. ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பாடத்தில் டாக்டர் ஆக வேண்டுமானாலும் தத்துவத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். மற்றவர்களுக்கு அது சடங்கு. காப்பி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்து எழுந்து வருவார்கள்.

தேர்வாளர் ராய்ட்மோசர் என்ற கிழவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கண்ணால் காணாததை நம்பச் சொல்லும் பாதிரிமார்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர். அதே அளவுகோலை இயற்பியல்காரர்கள் மேலும் வைத்தார்.

“அணுவ வச்சு அழகா கணக்கு போட்டிருக்கீங்க தம்பி. ஒண்ணையாவது பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க ஐயா.”

“யாரும் பாத்ததில்ல. பாக்கவும் போறதில்ல. அப்போ அது கணக்கு சுலபமா வரணும்னு நாம வச்சுக்கிட்ட ஒரு கருவி. கைத்தடி மாதிரி. நடக்க உதவும், ஆனா அது கால் இல்ல. சரிதானே? அத ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்து போங்க. எனக்கும் பசிக்குது.”

“இல்லீங்க ஐயா. அது இருக்கு.”

“எப்படித் தெரியும்?”

“இல்லாட்டி கணக்கு எப்படிங்க சரியா வரும்?”

கிழவர் சிரித்தார். “நூறு வருஷத்துக்கு முன்னாடி சூடுங்கிறது ஒரு திரவம்னு நெனச்சாங்க. அத வச்சும் கணக்கு போட்டாங்க. நல்லாவே வந்துச்சு. அந்தத் திரவம் எங்க இப்போ? எந்தப் பாட்டில்ல இருக்கு?”

வாதத்தில் தோற்றுவிட்டது இக்னாஸுக்கே தெரிந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. “நான் அப்படி நெனைக்கலீங்களே. சொன்னா பொய்யாயிடும்” என்றான். கிழவர் பேனாவை மூடினார். மூன்று மாதம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

அவன் போகவே இல்லை. வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்தைடா! கோயில்ல ஞாயித்துக்கிழமை எத்தனை வார்த்தை சொல்றோம், எல்லாத்தையும் புரிஞ்சா சொல்றோம்? அணு என்ன உன் மாமனா, விட்டுக்குடுக்காம நிக்கிறதுக்கு?” அப்பா தைத்துக்கொண்டிருந்தார். பட்டமளிப்புக்கென்று அவர் வெட்டி வைத்திருந்த கறுப்புக் கோட்டை ஒரு பத்திர எழுத்தருக்கு விற்றுவிட்டார்கள்.

பிறகு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்கர் வேலை. விதி எப்படிக் கேலி செய்கிறது பாருங்கள். அங்கே அவர் நாள் முழுக்கக் கையாண்டது சராசரி மனிதன் என்ற ஒருவனை. அவனுக்கு இரண்டே கால் பிள்ளைகள் உண்டு. குறிப்பிட்ட வயதில் தவறாமல் செத்துப்போவான். அப்படி ஒருவன் எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. ஆனால் அவனை வைத்துப் போட்ட கணக்கு பிசகியதே இல்லை, அவன் புண்ணியத்தில்தான் நிறுவனத்துக்குப் பளிங்குப் படிக்கட்டு. ராய்ட்மோசர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். வொட்டாவாவுக்கும் இது உறைக்காமல் இல்லை. உறைத்தாலும் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

மத்தியானங்களில் வேலைக்குப் பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போவார். தலைமைப் பரிமாறுநர் ஃபெர்டினாண்ட் அவரை மாணவனாக இருந்தபோதே டாக்டர் ஆக்கியிருந்தான். தேர்வு கைவிட்டுப் போன வாரத்தில் வொட்டாவா அதைத் திருத்தப் பார்த்தார்.

“ஃபெர்டினாண்ட், இனிமே என்னை டாக்டர்னு கூப்பிடாதீங்க. நான் டாக்டர் இல்ல.”

“உத்தரவு டாக்டர் ஐயா. பால் அதிகமா, கம்மியா?”

“நான் நிஜமாத்தான் சொல்றேன்.”

“ஐயா, அந்த மூலையில இருக்காரே, அவரை நான் பிரபுன்னு கூப்பிடறேன். குதிரை லாயத்துல கணக்கு எழுதறவரு. அந்தப் பக்கம் பேராசிரியர், பல் கட்டுறவரு. ஒருத்தர ஒழுங்கா கூப்பிட ஆரம்பிச்சா எல்லாரும் கோவிச்சுக்கிட்டு எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. என் புள்ளைங்க வாயில மண்ணப் போடாதீங்க.”

வொட்டாவா சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு. அன்றோடு திருத்துவதை நிறுத்திக்கொண்டார்.

கையுறை தைக்கும் ஹவ்ரானெக் அந்தக் கடைக்கு வருகிறவர். ஃபெர்டினாண்ட் “டாக்டர் வொட்டாவா” என்று அறிமுகம் செய்துவைத்தான். சதுரங்கம் ஆடினார்கள், பிறகு வீட்டுக்குச் சாப்பிட அழைப்பு வந்தது. அங்கேதான் மகள் லியோபோல்டினே, எல்லோருக்கும் போல்டி. கடையின் பின்கட்டில் வாடிக்கையாளர் கைகளை அளந்து வளர்ந்தவள். பேசும்போது எதிராளியின் கையைப் பார்ப்பாள். வொட்டாவாவின் விரலில் இருந்த மைக்கறையைப் பார்த்துவிட்டு, “டாக்டருக்கு எட்டேகால் அளவு. ஆனா எட்டரைதான் போடணும், இல்லன்னா மை வெளிய தெரியும்” என்றாள். அவர் அந்த நிமிடமே அவளிடம் விழுந்துவிட்டார்.

சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தார். ஆனால் கல்யாணம் நிச்சயமானதும் மாமனார் ஹவ்ரானெக் அழைப்பிதழில் டாக்டர் என்று தங்க எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வந்து நின்றார். கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் பாதிரியார் வெறும் காப்பீட்டு அலுவலர் என்று படித்தபோது மாமனாரே சமாதானமும் சொன்னார்: “பாதிரிமாருக்குப் படிச்சவங்களப் பாத்தா பொறாமை.” கல்யாணப் பரிசாக அவர் கொண்டுவந்தது பித்தளையில் வெட்டிய வாசல் பலகை, டாக்டர் இ. வொட்டாவா. மாமனார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நாலு திருகாணியையும் மாப்பிள்ளையே முடுக்கினார். என் கணக்கில் அவர் செய்த குற்றம் அந்த நாலு திருகாணிதான், மற்றதெல்லாம் ஊர் செய்தது.

பித்தளைப் பலகை தன் வேலையை நன்றாகவே செய்தது. வாசல் காவல்காரர் மனைவி மாடிப்படியைத் துடைத்துவிட்டு டாக்டரம்மா ஏறட்டும் என்று ஒதுங்கி நிற்பாள். எங்கள் ஊரில் மாட்டுக்கறியில் இருபதுக்கு மேல் துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. எந்தத் துண்டு யாருக்குக் கிடைக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. கிரம்ஃபோக் கறிக்கடையில் போல்டிக்கு வால்பக்கத்து மெல்லிய கொழுப்புத் துண்டை எடுத்து வைத்திருப்பார்கள். சாதாரணமாக அதைக் கண்ணால் பார்க்கவே வரிசையில் நிற்க வேண்டும். போல்டிக்கு இதிலெல்லாம் வெட்கம் கலந்த சந்தோஷம். தலைக்கனம் இல்லை. கையுறைக் கடைக்காரர் மகள் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடக்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் அவள், பல்கலைக்கழகத்தில் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டாள். அவர் ராய்ட்மோசர் கதையைச் சொன்னார். கைத்தடி, கால், பசி எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஒரு வழியா முடிஞ்சுது. அந்தப் பக்கமே போகப் பிடிக்கல.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. போல்டி அந்தக் கதையைத் தன் தங்கையிடமும், காவல்காரர் மனைவியிடமும், கறிக்கடையிலும்கூடச் சொன்னாள். “எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை பொய் வராது. பட்டமே போனாலும் சரின்னு உக்காந்திருக்காரு!” அவளுக்குப் புருஷனிடம் பிடித்ததிலெல்லாம் அதுதான் முதலாவது. அவர் கேட்டுக்கொண்டு பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

இப்படியே வருஷங்கள் போயின. பிள்ளைகள் இல்லை. பொருத்தமான தம்பதி என்று தெருவில் பெயர்.

பிறகு லுக்ஷ் வந்தான். கூடப் படித்தவன். கிராட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துவிட்டு வியன்னாவுக்கு மாற்றலாகி வந்திருந்தான். காப்பிக் கடையில் பார்த்ததும் தோளில் ஓங்கி அடித்தான்.

“வொட்டாவா! நீ ஜெயிச்சிட்டடா!”

“எதுல?”

“பத்திரிகை படிக்கிறதில்லையா? பாரிஸ்ல ஒருத்தர் அணுவ எண்ணிட்டாரு. தண்ணியில மிதக்கிற தூசி ஏன் நடுங்குதுன்னு பாத்து ஒரு வழியில எண்ணினாரு. வானம் ஏன் நீலமா இருக்குன்னு வேற ஒருத்தர் வேற வழியில. ரேடியத்துலேருந்து ஒரு வழி. மின்சாரத்துலேருந்து ஒரு வழி. எல்லாம் ஒரே எண்ணுல வந்து நிக்குது!”

“ஒரே எண்ணா?”

“கிட்டத்தட்ட. இதப் பாரு. ஒருத்தன் வந்து திருடன் இந்த வீட்டுலதான் இருக்கான்னு சொன்னா நம்பாம இருக்கலாம். பத்து பேரு, ஒருத்தருக்கு ஒருத்தர் முகமே தெரியாது, வேற வேற தெருவுலேருந்து வந்து அதே கதவக் காட்டினா? உள்ள ஆள் இருக்கான்னுதானே அர்த்தம்? கிழவர் சொன்ன அந்தத் திரவத்துக்கு இப்படி சாட்சி கிடையாது. எல்லாம் ஒரே கணக்கோட பேரப்பிள்ளைங்க.”

வொட்டாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேர்வு மேஜையில் கிடைக்காத பதில் இத்தனை வருஷம் கழித்து ஒரு கோப்பைக் காப்பிக்கு முன்னால் கிடைத்தது. லுக்ஷ் இன்னும் சொன்னான். ராய்ட்மோசர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வேடு ஏற்கப்பட்டபடியே இருக்கிறது. தத்துவத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் பாக்கி. மனுப் போட்டால் இந்த வசந்தத்திலேயே பட்டம். “பெரிய மண்டபத்துல, எல்லார் முன்னாடியும், பேரு சொல்லிக் கூப்பிட்டு! போல்டிக்கு முன்வரிசையில இடம் நான் வாங்கித் தரேன்.”

அப்போதுதான் வொட்டாவாவுக்கு ஒன்று உறைத்தது. எல்லார் முன்னாடியும் டாக்டர் ஆவதென்றால், நேற்றுவரை டாக்டர் இல்லை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டுமே.

சும்மா இருந்துவிடலாம். பலகை வாசலில் இருக்கிறது, கறி வருகிறது, குறை ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்கிற பழக்கம் உள்ளவருக்கு லுக்ஷ் சொன்ன சாட்சிக் கணக்கு தலையை விட்டுப் போகவில்லை. நான் டாக்டர் என்பதற்கு யார் யார் சாட்சி? கறிக்கடைக்காரர். அவருக்கு யார் சொன்னது? போல்டி. போல்டிக்கு? அவள் அப்பா. அவருக்கு? ஃபெர்டினாண்ட். காவல்காரர் மனைவிக்குப் பலகை சொன்னது, பலகைக்கு மாமனார் சொன்னார், மாமனாருக்கு மறுபடியும் ஃபெர்டினாண்ட். எந்த வழியில் போனாலும் பரிமாறுகிறவன் ஒருவன் ஒரு மூக்குக் கண்ணாடியைப் பார்த்த அந்த ஒரே பார்வையில் போய் முட்டியது. ஊரே ஒரே கதவைக் காட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஆள் இல்லை. பாரிஸ்காரரின் கணக்கு மட்டும் வராமல் போயிருந்தால் இன்னும் முப்பது வருஷம் நிம்மதியாக இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு போல்டி ஆப்பிள் ஸ்ட்ரூடல் பலகாரத்துக்கு மாவை மேஜைமேல் இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே விரித்த துணியின் பூப்போட்ட ஓரம் தெரியுமளவுக்கு மெல்லிதாக இழுக்க வேண்டும். இரண்டு கையும் மாவுக்கு அடியில் இருந்தன. அந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கையை எடுக்கவில்லை. ஓரம்வரை இழுத்து முடித்தாள், வெண்ணெய் தடவினாள், ஆப்பிளைப் பரப்பினாள். சுருட்டி அடுப்பில் வைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்ட பிறகுதான் திரும்பினாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?”

“தெரியாது.”

“அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. நல்லதாப் போச்சு.”

“போல்டி, நான் ஒரு தடவைகூட என் வாயால டாக்டர்னு சொல்லிக்கிட்டதில்ல.”

“சொல்லல. எல்லாரையும் சொல்ல விட்டீங்க. என்னையும்.” அவள் குரல் உயரவில்லை. “டாக்டர் இல்லைங்கிறது போகட்டும். எங்கப்பா நாலு வகுப்புதான் படிச்சவரு. அந்தக் கிழவன் யாரு உங்களுக்கு? ஒரு மணி நேரம் எதிர்ல உக்காந்தவன். அவன்கிட்ட ஒரு வார்த்தை பொய் சொல்ல உங்களுக்கு வாய் வரல. படிப்பையே விட்டீங்க. நான் அதத்தானே ஊரெல்லாம் பெருமையாச் சொன்னேன்? என்கிட்ட மட்டும் பன்னெண்டு வருஷமா எப்படி வந்துச்சு?”

ராய்ட்மோசருக்காவது பதினைந்து வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. இதற்கு அவருக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் போல்டி சமையலறைக் கத்தியால் பலகையைக் கழற்றினாள். காவல்காரர் மனைவி ஓடிவந்து, “ஐயோ, டாக்டர் ஐயாவுக்கு என்ன ஆச்சு?” என்று நெஞ்சில் கை வைத்தாள். “ஒண்ணும் ஆகல. டாக்டர் இல்ல, அவ்வளவுதான். இனிமே நான் டாக்டரம்மா இல்ல, வெறும் வொட்டாவா அம்மா” என்றாள் போல்டி. தெருவுக்குச் சொல்லவா வேண்டும். சாயங்காலத்துக்குள் வொட்டாவா காப்பீட்டுப் பணத்தைச் சுருட்டியதாகவும், தண்டனையாகப் பட்டத்தைப் பிடுங்கிவிட்டதாகவும் கதை கட்டி முடித்தார்கள். கறிக்கடையில் போல்டி தானே போய்ச் சொன்னாள், வரிசையில் நின்றாள், கழுத்துப்பக்கத்து நார்க்கறியை வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் அழுது ஒருவரும் பார்க்கவில்லை. வொட்டாவா அழுதார்.

“மனுப் போடட்டுமா வேண்டாமா?” என்று அவளிடம் கேட்டார்.

“போடுங்க. உங்க அணு நிஜம்னு தெரிஞ்சுடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு விடணும்?”

புதிய தேர்வாளர் இளைஞர். அணு இருக்கிறதா என்று கேட்கக்கூட இல்லை, அதுதான் இப்போது எல்லாருக்கும் தெரிந்ததாயிற்றே. வொட்டாவா தானாகவே பத்து சாட்சிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இளைஞர் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். வசந்தத்தில் பெரிய மண்டபத்தில் பெயர் சொல்லி அழைத்தார்கள். இருபத்துமூன்று வயதுப் பையன்களுக்கு நடுவில் நரைத்த தலையோடு நின்று உறுதிமொழி எடுத்தார். போல்டி வந்திருந்தாள். லுக்ஷ் வாங்கிக் கொடுத்த முன்வரிசை இடத்தில், தான் தைத்த கையுறைகளோடு உட்கார்ந்திருந்தாள். கை தட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை வொட்டாவா மனைவியோடு கறிக்கடைக்குப் போனார். கூடை தூக்குகிற சாக்கு. கடைக்காரர் கிரம்ஃபோக் செய்தியைப் பத்திரிகையில் படித்திருந்தார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை விலக்கி வெளியே வந்தார்.

“வாங்க வாங்க டாக்டரம்மா! இப்போ யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்த வால்பக்கத்துத் துண்டு, உங்களுக்குன்னே வச்சிருக்கேன்!”

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வொட்டாவா அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வந்திருந்தார், இல்லையென்று சொன்னால் அது பொய்.

“பட்டம் இவரோடது கிரம்ஃபோக். நான் வொட்டாவா அம்மா. கழுத்துப்பக்கம் ஒரு கிலோ போடுங்க, சூப்புக்கு.”

வெளியே வந்ததும் அவர் மெல்லக் கேட்டார். “போல்டி, இப்போ அது உண்மைதானே?”

“உண்மைதான். யாரு இல்லைன்னாங்க? ஆனா நான் அத ஒரு தடவ முழுசா நம்பித் தீத்துட்டேன். மறுபடி நம்பறதுக்கு என்கிட்ட மிச்சம் இல்ல.”

சொல்லிவிட்டு வழக்கம்போல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அதற்குப் பிறகும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். போரையும், பேரரசு போனதையும், ரொட்டிக்கு வரிசையில் நின்றதையும் சேர்ந்தே பார்த்தார்கள். ஆனால் யார் எத்தனை தடவை டாக்டரம்மா என்று கூப்பிட்டாலும் அத்தனை தடவையும் திருத்தினாள். பாதி ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது.

அவள்தான் முதலில் போனாள். எங்கள் ஊரில் கல்லறைக் கல்லிலும் பட்டம் உண்டு, மனைவிக்குப் புருஷனுடையதை வெட்டுவார்கள். கல் செதுக்குகிறவர் தாளில் பெயரை எழுதிவிட்டு, “டாக்டர் மனைவின்னு மேல போட்டுடறேன் ஐயா. எழுத்துக்கு நான் காசு வாங்க மாட்டேன்” என்றார்.

“வேண்டாம்ப்பா” என்றார் வொட்டாவா. “இவ்வளவு நாள் ஒத்துக்காதவ. வாய் பேச முடியாத நேரமாப் பாத்து அத அவ மேல எழுத வேண்டாம்.”